இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்: நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்ட தவறுகள்

போன சனிக்கிழமை காலை, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான ரேட்டிங் (தகுதி உரிமம்) வாங்கி இரண்டே மாதம் ஆன ஒரு தம்பியோடு செஸ்னா 172-இல் துணைக்குப் போனேன். கலிஃபோர்னியாக் கடற்கரையில் கோடைக்காலக் காலைகளில் கடலிலிருந்து மேகம் உள்ளே நுழைந்து, ஆயிரம் ஆயிரத்தைநூறு அடி உயரத்தில் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி நிற்கும். அதைத் தாண்டி ஏறிவிட்டால் பளீரென்று வெயில். இறக்கையில் பனி உறையும் பயம் இல்லை, இடி மின்னல் இல்லை. பழகுவதற்கு இதைவிடச் சாதுவான மேகம் கிடைக்காது. கருவிகளைப் பார்த்தே ரன்வேயை நோக்கி இறங்கும் அப்ரோச் மூன்றைத் தம்பி பறந்தான். முதல் இரண்டில், எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகளை, என்னிடம் இரவல் வாங்கியதுபோல் வரிசையாகச் செய்தான். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆல்டிமீட்டரை (உயரம் காட்டும் கருவியை) சரியாக வை, காலாவதியான பிளேட்டை (அப்ரோச்சின் வரைபடத் தாளை) எடுத்துக்கொண்டு போகாதே, எரிபொருள் கணக்குப் போடு என்பதையெல்லாம் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் காது புளிக்கச் சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

ஊசியைத் துரத்துவது

பாதையிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம் என்று காட்டும் ஊசியின் பின்னால் ஓடாதீர்கள். ஹெடிங்கை, அதாவது மூக்கு நோக்கும் திசையைப் பிடியுங்கள். ஊசி தானாக வரும்.

தயாராக இல்லாமல் 'சரி' சொல்வது

இன்றும் நினைத்தால் எரிச்சல் வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ரேடியோவில் வழிகாட்டும் கன்ட்ரோலர் என்றாலே நம் ஆட்களுக்கு ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பிய மாதிரி ஒரு பயம். அவர் எந்த ஹெடிங்கைச் சொன்னாலும் வாய் முந்திக்கொண்டு திருப்பிச் சொல்லிவிடும், நம்மால் முடியுமா என்று மூளை அப்புறம்தான் யோசிக்கும்.

என் ரேட்டிங் தேர்வு நாள். வலது பக்கம் எக்ஸாமினர், இடது பக்கம் வெளியே எதுவும் தெரியாதபடி ஃபாகிள்ஸ் மாட்டிக்கொண்டு நான். எனக்குப் பின்னால் ஒரு ஜெட் வந்துகொண்டிருந்ததால் வேகத்தைக் குறைக்காமல் வரச் சொன்னார் கன்ட்ரோலர், உயரத்தையும் விடவில்லை, ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரான கடைசிப் பாதைக்கு) ரொம்ப நெருக்கத்தில் கொண்டுவந்துதான் திருப்பினார். திருப்புவதற்கு முன் கேட்கவும் கேட்டார்: சற்று உயரமாக இருக்கிறாய், இது உனக்குச் சரிப்பட்டு வருமா? வரும் என்றேன். அந்த நேரத்தில் பிளேட் என் மடியில் தலைகீழாகக் கிடந்தது. டிசிஷன் ஆல்டிட்யூட், அதாவது ரன்வே தெரியாவிட்டால் இறங்குவதை விட்டுவிட்டு ஏற வேண்டிய உயரம், எவ்வளவு என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

கணக்கைப் பாருங்கள். ஐ.எல்.எஸ். என்பது ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ சிக்னல்: லோக்கலைசர் இடம் வலம் காட்டும், கிளைட் ஸ்லோப் இறங்கும் சரிவைக் காட்டும். அதன் 3 டிகிரி சரிவு என்பது ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி. 90 நாட்டில் (மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில்) வந்தால் நிமிடத்துக்கு 480 அடி இறங்கினால் போதும், கையில் காபி இருந்தாலும் சிந்தாது. நான் வந்தது 120 நாட்டில், சரிவுக்கு 700 அடி மேலே, ரன்வேக்கு 5 மைல் தள்ளி. அந்த 5 மைலுக்கு எனக்கு இருந்தது இரண்டரை நிமிடம். அதில் இரண்டு நிமிடத்துக்குள் கிளைட் ஸ்லோப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1000 அடி இறங்கியாக வேண்டும். த்ராட்டிலை முழுக்க இழுத்தாயிற்று. ஃபிளாப் போட்டு வேகத்தைக் கொல்லலாம் என்றால், நான் ஓட்டிய 172-இல் முதல் 10 டிகிரி ஃபிளாப்புக்கே 110 நாட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும். மூக்கைத் தூக்கினால் வேகம் குறைகிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. தாழ்த்தினால் இறங்குகிறது, வேகம் ஏறிவிடுகிறது. இந்தக் கூத்தில் லோக்கலைசரை யார் பார்த்தார்கள்? அது தன்பாட்டுக்கு இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

கிளைட் ஸ்லோப் ஊசி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. தேர்வில் ஊசி முக்கால் அளவுக்கு மேல் விலகினாலே கதை முடிந்தது. எக்ஸாமினர் ஒரு வார்த்தை பேசவில்லை, தொடையில் வைத்திருந்த பேடில் ஏதோ எழுதினார். காதில் ஹெட்செட், வெளியே எஞ்சின், அதையும் மீறி அந்தப் பேனா உரசும் சத்தம் எனக்குக் கேட்டது என்று இன்றும் சத்தியம் செய்வேன். தோல்விச் சீட்டு, மறுதேர்வுக் கட்டணம், விமான வாடகை எல்லாம் சேர்த்து 600 டாலருக்கு மேல் போனது. காசு போனதுகூடப் பரவாயில்லை. யார் மேலாவது பழி போடலாம் என்றால் ஆளில்லை. அந்த மனிதர் கேட்டாரே!

இன்னொன்றும் உண்டு. கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து துரத்திப் போகும்போது, 9 டிகிரி வாக்கில் இருக்கும் பொய்ச் சரிவில் போய்ச் சிக்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எப்போதும் கீழிருந்து போய்ப் பிடி என்று சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

என் கதை காசோடு போயிற்று. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் 514 என்ற போயிங் 727, வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்ததும், இனி இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டு 1800 அடியை நோக்கி இறங்கினார்கள். அந்த இடத்தில் பிளேட் அதைவிட அதிக உயரம் காட்டுகிறதே என்று காக்பிட்டில் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், கன்ட்ரோலரிடம் கேட்கவில்லை. வர்ஜீனியாவில் மவுன்ட் வெதர் மலைமேல் மோதி, இருந்த 92 பேரும் இறந்தார்கள். இன்று ரேடாரில் வழிகாட்டும் கன்ட்ரோலர் அப்ரோச் அனுமதியோடு சேர்த்து, பாதையில் சேரும்வரை இந்த உயரத்தை விடாதே என்று ஒரு எண்ணைச் சொல்கிறாரே, அது இந்த விபத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

சரி, என்ன செய்வது? 'அனேபிள்' (என்னால் முடியாது) என்று ஒரு வார்த்தை இருக்கிறது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் வெக்டர் (கன்ட்ரோலர் தரும் திசை) வேண்டும் என்று மட்டும் சொன்னால் ஒரு சுற்றுச் சுற்ற விடுவார்கள். ஃபைனலுக்குத் திரும்புவதற்கு முன் நான் இப்போது மூன்றைச் சரிபார்க்கிறேன்: ஜி.பி.எஸ். பெட்டியில் அப்ரோச் லோட் ஆகியிருக்கிறதா, லோக்கலைசரின் அடையாள மோர்ஸ் ஒலி காதில் கேட்டதா, டிசிஷன் ஆல்டிட்யூடை வாய்விட்டுச் சொன்னேனா. ஒன்று குறைந்தாலும் அனேபிள். அப்புறம் ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸில் (கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளியில்), பிளேட்டில் போட்டிருக்கும் கிளைட் ஸ்லோப் உயரமும் ஆல்டிமீட்டரும் ஒத்துப்போக வேண்டும், வேகம் 90-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டு ஏறுகிறேன். ஆனால் ஏறலாமே தவிர, மிஸ்டு அப்ரோச் பாயின்ட் (இறங்காமல் ஏறிப் போகும் வழி தொடங்கும் புள்ளி) வரும்வரை திரும்பக்கூடாது. சீக்கிரம் திரும்பினால் அந்தப் பக்கம் மலையோ டவரோ இல்லை என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சனிக்கிழமை இரண்டாவது அப்ரோச்சில் தம்பி என்னைப் பார்த்து, "அண்ணா, இன்னும் லோட் ஆகலண்ணா" என்கிறான். அதே மூச்சில் மைக்கை அழுத்தி, கன்ட்ரோலர் கொடுத்த ஹெடிங்கைத் திருப்பிச் சொல்கிறான். "எங்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம், அவர்கிட்ட சொல்லு" என்றேன். மூன்றாவது முறை சொன்னான். கன்ட்ரோலர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, இடது பக்கம் ஒரு சுற்று விட்டார். நான்கு நிமிடம், அரை கேலன் சொச்சம் பெட்ரோல். எனக்கு 600 டாலர் ஞாபகம் வந்தது.

அந்தப் பொத்தான்

ஊசி ஜி.பி.எஸ்.-ஐக் காட்ட வேண்டுமா, ஐ.எல்.எஸ்.-ஐயா என்று மாற்றும் பொத்தானைச் சொல்கிறேன். அவசரத்தில் முதலில் மறந்துபோவது இதுதான். ஐ.எல்.எஸ். பறக்கும்போது முன்னால் இருக்கும் ஊசி ஜி.பி.எஸ்.-ஐக் காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஊசி நடுவில் நிற்கும், நீங்களும் பெருமையாக உட்கார்ந்திருப்பீர்கள், கிளைட் ஸ்லோப் மட்டும் உயிர் பெறாது. கார்மின் பெட்டிகளில் தானாக மாறும் வசதி உண்டு. அதை நம்பி இருந்தால், நெருக்கமாகத் திருப்பிவிடும் அன்றைக்குப் பார்த்து மாறாமல் இருந்துவிடும். தம்பிக்கு முதல் அப்ரோச்சில் இதுதான் நடந்தது. ஊசிக்கு மேலே பச்சை எழுத்தா, மெஜந்தாவா என்று ஒரு பார்வை பாருங்கள். ஐ.எல்.எஸ். என்றால் பச்சை.

மிஸ்டு அப்ரோச்சைத் தேவைப்படும்போது வாசிப்பது

200 அடியில் மேகத்துக்குள் இருந்துகொண்டு பொடி எழுத்தை வாசிக்க முடியாது. முதல் இரண்டு வரியை, அதாவது எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்பதை மட்டுமாவது முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் முதுகு சீட்டில் அழுந்தும், உள்காது அதை மூக்கு ரொம்ப மேலே போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும், கை தன்னை அறியாமல் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். தரை 200 அடியில் இருக்கிறது. உடம்பு என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், மூக்கு மேலா கீழா என்று காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டரைப் பாருங்கள்.

ஆறு மாதக் கணக்கு

ரேட்டிங்கைத் தொடர்ந்து பயன்படுத்த 6 மாதத்தில் 6 அப்ரோச் என்பது அமெரிக்க விதி. அதைச் சொந்த ஏரியாவில், வெயில் நாளில், ஒரே ரன்வேயில் ஆறு முறை பறந்து முடித்துவிட்டு லாக்புக்கில் எழுதிக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

'கொஞ்சம் கீழே போய்ப் பார்த்துவிடலாம்'

கூடாது. டிசிஷன் ஆல்டிட்யூடில் அப்ரோச் விளக்குகள் (ரன்வேக்கு முன்னால் இருக்கும் விளக்கு வரிசை) மட்டும் தெரிந்தால் ரன்வேக்கு மேல் 100 அடி வரைதான். அதற்கும் கீழே போக, ரன்வே முனையோ அதன் விளக்குகளோ, விதியில் எழுதியிருக்கும் வேறு ஏதாவது ஒன்றோ கண்ணில் பட வேண்டும். 'வெள்ளையா ஏதோ தெரியுதுண்ணா' அந்தப் பட்டியலில் இல்லை.