கைமாற்றுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுப்பது எப்படி?

"மச்சானிடம்தானே வாங்குகிறோம், எழுத்தெல்லாம் எதற்கு?" என்று விட்டவர்கள்தான் இரண்டு வருஷம் கழித்து, பேசியது ஒரு வட்டியா ஒன்றரை வட்டியா என்று முகம் சுளித்துக்கொள்கிறார்கள். புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக உறுதி சொல்லும் சீட்டு, எழுதிக் கொடுப்பது வாங்குபவருக்கும் பாதுகாப்பு. அதனால் கொடுப்பவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுதுங்கள்.

அச்சடித்த படிவம் கடையில் கிடைக்கும். வெள்ளைத் தாளும் போதும். தேதி, ஊர், இருவரின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம். அதன் கீழே இப்படி:

"என் குடும்பச் செலவுக்காகத் தங்களிடம் இன்று நான் கடனாகப் பெற்ற ரூ.50,000 (ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்). இந்தத் தொகையை மாதம் நூற்றுக்கு ரூ.1 வட்டியுடன், தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ செலுத்துகிறேன்."

இதில் உயிர்நாடி "செலுத்துகிறேன்" என்ற சொல். "பெற்றுக்கொண்டேன்" என்பதோடு நிறுத்தினால் அது வெறும் ரசீது. "நெல் விற்றதும் தருகிறேன்" என்று நிபந்தனை போட்டாலும் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி அது புரோநோட்டு ஆகாது. சாட்சி கட்டாயமில்லை. சாட்சி போடுவதானால் "உத்தரவு பெற்றவருக்கோ" என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது பாண்டு என்னும் வேறு வகைக் கடன் பத்திரம், அதற்கு இந்த முத்திரைத் தீர்வை (ஸ்டாம்ப் கட்டணம்) போதாது என்ற வாதம் கிளம்பும். வட்டியை எழுதாமல் விட்டால் வட்டியே இல்லை என்று ஆகிவிடாது, ஆண்டுக்கு 18 சதவீதம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். மேலே எழுதியது மாதம் 500 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம்தான்.

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, கையெழுத்தின் பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழும்படி போடுங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைப் பிறகு அபராதம் கட்டியும் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க வைக்க முடியாது. ஸ்டாம்பின் குறுக்கே எதுவும் எழுதாமல் விட்டாலும் ஒட்டாததற்குச் சமம்தான்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வெற்று நோட்டில். ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், மீதியை நிரப்பும் அதிகாரத்தை அதே 1881 சட்டத்தின் 20ஆம் பிரிவு வைத்திருப்பவருக்குத் தந்துவிடுகிறது. 50,000 வாங்கியவர் ஐந்து லட்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அவ்வளவு வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில். "தொகையை அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் பேனாவை மூடிவிடுங்கள், கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். எழுதி முடித்த தாளை இரு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள். வங்கிப் பதிவு உங்களுக்கும் சாட்சி.

திருப்பித் தரும்போது நோட்டின் பின்பக்கத்தில் வரவு வையுங்கள்: "12.6.2025, அசலில் வரவு ரூ.10,000", கீழே உங்கள் கையெழுத்து. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டை வைத்து வழக்குப் போடக் காலக்கெடு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. கெடுவுக்குள் இப்படிக் கையெழுத்திட்டு வைக்கும் வரவு ஒவ்வொன்றும் அந்த 3 ஆண்டைப் புதிதாகத் தொடங்கி வைக்கும், தெரிந்தே போடுங்கள். நோட்டு கடன் கொடுத்தவரிடம் இருப்பதால், அவர் கையெழுத்திட்ட துண்டு ரசீது ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

சொன்ன மாதத்தில் முடியாது என்று தெரிந்தால், அந்த மாதம் வரும் முன்பே போய், புதுத் தேதியையும் அதுவரை தரக்கூடிய தொகையையும் சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாலான நோட்டுகளை வக்கீல் நோட்டீஸ் வரை கொண்டுபோகிறது.

கடன் தீர்ந்த அன்றே நோட்டைக் கையில் வாங்குங்கள். பின்பக்கம் "அசலும் வட்டியும் முழுவதும் தீர்ந்தது" என்று அவரை எழுதச் சொல்லி, தேதியோடு கையெழுத்து வாங்கி, கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். "எங்கேயோ வச்சிட்டேன், கிடைச்சதும் கிழிச்சிடறேன்" என்றால், அந்த நோட்டின் தேதியையும் தொகையையும் குறித்து, கடன் தீர்ந்தது என்று தனித் தாளில் எழுதி வாங்கிய பிறகு கடைசித் தவணையை அனுப்புங்கள்.