எல்லையோரக் கடைக்காரர் வரி உயர்வின் பாதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

விற்பனை வரி உயரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், நாட்டின் எல்லையை ஒட்டிக் கடை நடத்துபவர் வரி விகிதத்தை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டிப் போய்வர வாடிக்கையாளருக்கு ஆகும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வரி 20 சதவீதத்திலிருந்து 24 ஆனால் விலை 4 சதவீதம் ஏறும் என்று பலரும் நினைப்பது தவறு. 120க்கு விற்ற பொருள் 124 ஆகிறது, ஏற்றம் 3.3 சதவீதமே. அதுவரை இரு பக்கமும் விலை ஒன்றாக இருந்து, போய்வர 600 செலவாகும் என்றால், அங்கே 18,000க்கு வாங்கினால்தான் பயணம் கட்டுப்படியாகும். மளிகைக்காக மட்டும் யாரும் அப்படிக் கிளம்புவதில்லை. ஆனால் இங்கே 2,400க்கு விற்கும் மதுவும் சிகரெட்டும் அங்கே 1,800க்குக் கிடைத்தால், ஒரே பயணத்தில் செலவு ஈடாகிவிடும். அப்படிப் போனவர் வண்டியில் இடம் இருக்கும் வரை சலவைத்தூளையும் காப்பித்தூளையும் ஏற்றிக்கொண்டுதான் திரும்புவார். வரி ஏறாத சரக்கும் விற்காமல் தேங்குவது இதனால்தான். எனவே, கெடாமல் இருப்பவை, எடைக்கு விலை மிகுந்தவை, அன்றாடம் வாங்குபவை எனச் சரக்கைப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டில்தான் அடி விழும்.

எஸ்டோனியாவில் மதுவின் மீதான வரி ஏறியபோது மக்கள் தெற்கே லாட்வியாவுக்குப் போய் வாங்கினார்கள். 2019 ஜூலையில் எஸ்டோனியா பீருக்கும் கடும் மதுவகைகளுக்கும் கலால் வரியை 25 சதவீதம் குறைத்தது. அடுத்த மாதமே லாட்வியாவும் குறைத்தது. அரசுகளே இப்படிப் போட்டியிடும்போது, ஒரு கடை விலையால் மட்டும் வெல்வது கடினம்.

வரியைத் தானே ஏற்று விலையை 120ஆகவே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்போது வரி போகக் கைக்கு வருவது 100 அன்று, 96.77. கொள்முதல் 80 என்றால் 20ஆக இருந்த லாபம் 16.77ஆகச் சுருங்குகிறது, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. வாடிக்கையாளரை எல்லைக்கு அப்பால் இழுக்கும் ஓரிரு பொருள்களுக்கு மட்டும் இதைச் செய்வதே என் பரிந்துரை.

நாணய மாற்று விகிதத்தையும் சுங்கச் சலுகை வரம்பையும் மறக்கக்கூடாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவின் மதிப்பு 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் காக்கும் வரம்பைக் கைவிட்டதும் பிராங்கின் மதிப்பு சட்டென ஏறியது. வரி மாறாமலேயே ஜெர்மனியில் வாங்குவது மலிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து வரியின்றிக் கொண்டுவரும் பொருள்களின் வரம்பை அதே சுவிட்சர்லாந்து 2025 தொடக்கத்தில் ஒருவருக்கு 300 பிராங்கிலிருந்து 150ஆகக் குறைத்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: வரி ஏறும் முன்பே மக்கள் வாங்கிக் குவிப்பதால், அடுத்த சில வாரங்கள் எங்கும் விற்பனை மந்தமாகத்தான் இருக்கும். எல்லையிலிருந்து தொலைவில் உள்ள ஒரு கடையின் விற்பனை ஏடு கிடைத்தால், அதே மாதங்களை உங்கள் ஏட்டோடு ஒப்பிடுங்கள். அங்கே மீண்ட விற்பனை இங்கே மீளாமல் நின்றால், அந்த இடைவெளிதான் எல்லை தாண்டிய வியாபாரம்.