பெட்டி பிரித்த முதல் நாள்: புது லேப்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகனுக்குப் புது லேப்டாப் வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறந்தான், பொத்தானை அழுத்தினான், திரையில் வந்த கேள்வி எதையும் படிக்காமல் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போனான். மின்னஞ்சல் முகவரி கேட்டது. கைவசம் இருந்ததைப் போடாமல், அந்த நிமிடமே புதிதாக ஒன்றை உருவாக்க ஆரம்பித்தான். வாயில் வந்த பெயர், விரலில் வந்த எண்கள்.

"நிறுத்துடா" என்றேன்.

"மெயில் ஐடிதானே சித்தப்பா, அப்புறம் மாத்திக்கலாம்."

அச்சு அசலாக இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் நானும் என் முதல் லேப்டாப்பைத் தொடங்கினேன். தெரிந்தவர்களின் லேப்டாப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பது இப்போது எனக்குப் பாதித் தொழிலாகிவிட்டது. வருகிறவர்களில் பலர் நான் விழுந்த அதே குழிகளில் விழுந்துவிட்டுத்தான் வருகிறார்கள். தேநீரைப் பக்கத்தில் வைக்காதே, 123456 என்று பாஸ்வேர்டு வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். தெரிந்த மாதிரி இருந்து காலை வாருகிறவை மட்டும் இங்கே.

முதல் சார்ஜுக்கு எட்டு மணி நேரம்

இது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை. இன்றைய லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. பாதி சார்ஜோடு வந்தால் அப்படியே பயன்படுத்தத் தொடங்கலாம். 'பழக்கப்படுத்துவதற்கு' அதில் ஒன்றும் இல்லை.

உண்மையான தவறு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மேசையிலேயே வைத்து, நாள் முழுக்கச் சார்ஜரைச் செருகி, எப்போதும் 100 சதவீதத்திலேயே நிறுத்திவைப்பது. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும். பல நிறுவனங்கள் தங்கள் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் அதைப் போட்டுவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் முதல் நாள் மட்டும் 100 வரை ஏற்றிக்கொண்டால் போதும். சில லேப்டாப்புகளில் இது வரும்போதே போடப்பட்டிருக்கும். "80க்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது, பேட்டரி பழுது" என்று ஒருவர் கொண்டுவந்தார். ஒரு பொத்தானைக் காட்டி அனுப்பிவைத்தேன்.

மெத்தை மேல் வைப்பது

காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரு பலகையைக் கீழே வையுங்கள்.

சாவி எங்கே என்று தெரியாமலே பூட்டிக்கொள்வது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருக்கும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி கோப்புகள் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று பெயர், புரோ பதிப்பில் பிட்லாக்கர். அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான். முதல் நாள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும் இந்தப் பூட்டு சத்தமில்லாமல் விழுந்துவிடும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இதற்கான நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள். அதனால் முன்பு இது இல்லாத வகை லேப்டாப்புகளிலும் இப்போது பூட்டு இருக்கிறது.

பூட்டு இருப்பதே பல மாதங்களுக்குத் தெரியாது. காரணம், மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற சிப்பு. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் "எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கிறதா?" என்று பார்த்துவிட்டு, அதுவே சாவியைக் கொடுத்துவிடும். நாம் பாட்டுக்கு நான்கு இலக்கப் பின்னைத் தட்டி வேலையைப் பார்ப்போம். பயாஸ் புதுப்பித்தாலோ, செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல்) அமைப்பை மாற்றினாலோ, மதர்போர்டையே மாற்றினாலோ சிப்பு சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுக்கலாம். அப்போது ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம். அதுதான் ரெக்கவரி கீ.

என் கதைக்கு வருகிறேன். சார்ஜ் ஏறும் துளை ஆட ஆரம்பித்தது. வாரண்டி இருந்ததால் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மதர்போர்டையே மாற்றி, துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் செய்தேன், நீலத் திரை. என் பின்னைத் தட்டினேன், ஏற்கவில்லை. பாஸ்வேர்டு என்று நினைவில் இருந்த எல்லாவற்றையும் தட்டினேன். அந்தக் கட்டம் இவை எதையும் கேட்கவே இல்லை என்று புரியவே அரை மணி நேரம் ஆயிற்று. போன் போட்டேன். "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ரசீதுலயே போட்டிருக்கே சார்" என்றார்கள். போட்டிருந்தது. கையெழுத்தும் என்னுடையதுதான்.

சாவி எந்தக் கணக்கில் பூட்டைப் போட்டோமோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். என் கணக்கு எது? 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று அவசரத்தில் உருவாக்கிய முகவரி. பெயரில் புள்ளி வைத்தேனா, அடிக்கோடா, பின்னால் என்ன எண் போட்டேன், எதுவும் நினைவில் இல்லை. மாற்றுத் தொலைபேசி எண் கேட்ட இடத்தில் 'பிறகு' என்று தட்டியிருக்கிறேன். தினமும் பின் போட்டே உள்ளே போனதால் அந்தப் பாஸ்வேர்டை ஒரு நாள்கூட மறுபடி தட்டியதில்லை.

டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பழைய காலத்தில் முடியும். பூட்டிய டிஸ்கை எங்கே மாட்டினாலும் அது பூட்டியேதான் இருக்கும். சில லேப்டாப்புகளில் டிஸ்க் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்றவே முடியாது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன்.

போனது என்ன என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்த பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். படங்கள் போனது பெரிதில்லை, ஆல்பம் அலமாரியில் இருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்யலாம். எந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள், அது எந்த வீட்டுக் கல்யாணம் என்று பெரியம்மா சொல்லச் சொல்ல நான் தட்டிவைத்த பட்டியலும் அதே டிஸ்கில்தான் இருந்தது. இப்போது பெரியம்மா இல்லை. ஆல்பத்தைத் திறந்தால் பாதிப் பேர் யாரென்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

பூட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. லேப்டாப் திருடு போனால் நம் கோப்புகளைக் காப்பாற்றப்போவது அதுதான், அணைத்துவிடச் சொல்லமாட்டேன். ஐந்து நிமிட வேலையை முதல் நாளே செய்யாமல் விட்டேனே என்பதுதான் ஆறவில்லை. அந்த ஐந்து நிமிட வேலை இதுதான்:

அமைப்புகளில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால், வேறொரு கணினியிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்துக்குள் நுழையுங்கள். சாதனங்கள் பட்டியலில் உங்கள் லேப்டாப்பும் அதன் ரெக்கவரி கீயும் இருக்கும். வேறு கருவியிலிருந்து நுழையச் சொல்வதற்குக் காரணம், பாஸ்வேர்டு உண்மையிலேயே நினைவில் இருக்கிறதா என்பதும் அதே வேகத்தில் தெரிந்துவிடும். 48 எண்களையும் தாளில் அச்சிட்டோ எழுதியோ வையுங்கள். பக்கத்திலேயே கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் எந்தச் சாவி எதற்கு என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் மாற்றுத் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

மேக்கிலும் இதே கதைதான், அங்கே பெயர் ஃபைல்வால்ட். ரெக்கவரி கீ 24 எழுத்தும் எண்ணும் கலந்து வரும்.

இதே தவறு வேறு வேடங்களிலும் வருகிறது. ஒரு அம்மாவின் லேப்டாப்பை அவர் கணவரின் நண்பர் 'ரெடி பண்ணி'க் கொடுத்திருந்தார், தன் சொந்தக் கணக்கைப் போட்டு. சாவி அவர் கணக்கில். நல்லவேளை, மனிதர் போனை எடுத்தார். இன்னொருவர் சொந்த லேப்டாப்பில் அலுவலகக் கணக்கைப் போட்டு நுழைந்திருந்தார். சாவி அலுவலகத்திடம், இவரோ வேலையை விட்டுவிட்டார். இன்னொரு மகாராஜா சொன்னபடியே சாவியைச் சேமித்துவைத்திருந்தார். எங்கே? அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில்.

அண்ணன் மகன் அன்று மாலையே 48 எண்களையும் நோட்டுத் தாளில் அழகாக எழுதினான். எழுதி, மடித்து, லேப்டாப் பைக்குள் வைத்தான். அண்ணிதான் அதை எடுத்து பீரோவில் வைத்தார்.

ஒன்டிரைவ் இருக்கிறதே என்ற நிம்மதி

ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். அது கோப்புகளை ஒத்திசைக்கிறது, அதாவது இங்கே நடப்பதை அங்கேயும் செய்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சொந்தக் கணக்கென்றால் அங்கிருக்கும் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்கப்புறம் போச்சு. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். நான்கு வீடியோ ஏறினாலே நிறைந்து, மேற்கொண்டு ஏற்றாமல் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளையும் அது தன் வசம் எடுத்துக்கொண்டிருக்கலாம், முதல் நாளே பார்த்துவிடுங்கள். முக்கியமானவற்றுக்குத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகல் எடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் லேப்டாப்புக்கு வரும் வைரஸ் அதற்கும் வரும்.

மூடியை மூடி அப்படியே பைக்குள்

மூடினால் தூங்கிவிட்டது என்று நினைக்கிறோம். இப்போதைய பல லேப்டாப்புகள் போனைப் போல அரைத்தூக்கம்தான் தூங்குகின்றன. இடையில் விழித்துப் புதுப்பிப்பைப் பதிவிறக்கும், மெயில் பார்க்கும். பைக்குள் காற்று ஏது? வெளியே எடுக்கும்போது தோசைக்கல் மாதிரி சுடும், பேட்டரியும் காலியாகியிருக்கும். பைக்குள் போடுமுன் ஷட் டவுனோ ஹைபர்னேட்டோ (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) செய்யுங்கள்.

ஷட் டவுன் என்றதும் இன்னொன்று. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் உள்நிலையின் ஒரு பகுதியை அது சேமித்துவைத்துக்கொள்ளும். ஏதாவது கோளாறு என்றால் அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் நல்லது.

கேமராவுக்கு ஒட்டும் மூடி

மூடிய திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இடமே இல்லை. மேக்புக்கில் 0.1 மில்லிமீட்டரை விடத் தடிப்பான மூடி கூடாது என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அது ஒரு தாளின் தடிமன். கீபோர்டு மேல் பேனாவை வைத்து மூடியவர்களின் உடைந்த திரைகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

எந்தச் சார்ஜரும் ஒன்றுதான் என்று நினைப்பது

டைப்-சி முனை எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது, வாட் வேறு. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 20 வாட் போன் சார்ஜரைச் செருகினால் ஏறவே ஏறாது, அல்லது வேலை செய்யச் செய்ய இறங்கிக்கொண்டே போகும். கேபிளையும் பாருங்கள், 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பெட்டியில் வந்த சார்ஜரின் மேல் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள்.

திரையில் நேராக ஸ்ப்ரே அடிப்பது

துணியில் அடியுங்கள். அப்புறம் துடையுங்கள்.

தண்ணீர் கொட்டியபின் 'ஓடுகிறதா' என்று பார்ப்பது

கொட்டாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை, கொட்டத்தான் செய்யும். கொட்டியதும் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானைத் திரை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள், கோப்பைச் சேமிக்கவெல்லாம் நிற்காதீர்கள். தலைகீழாகக் கூடாரம் போலக் கவிழ்த்துவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். முடி உலர்த்தியால் சூடு காட்டுவது, அரிசி மூட்டைக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம். தண்ணீரோடு மின்சாரம் சேர்ந்தால் உள்ளே இன்னும் வேகமாகக் கெடும். "ஒரு நிமிஷம் ஆன் பண்ணிப் பாத்தேன் அண்ணே, நல்லா ஓடுச்சு, அதான் விட்டுட்டேன்" என்று இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரெக்கவரி கீ இருக்கிறதா என்பதுதான்.