மூவெட் பேண்ட் இறங்கிவிட்டதா? முதலில் பழைய முடிவுத்தாளைத் தேடி எடுங்கள்

மூவெட்டை (மலேசியப் பல்கலைக்கழகங்களில் சேரக் கேட்கும் ஆங்கிலத் தேர்வு) இரண்டாவது முறை எழுதி, முதல் முறையைவிடக் குறைவான பேண்ட் (தரநிலை) வாங்கிய பிள்ளைகள் சிலர் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். அது இரண்டு நாளில் தெளிந்துவிடும். வேறு சிலர், "எனக்குப் படிவம் ஆறு ஒத்து வராது, தனியார் கல்லூரியில் டிப்ளோமா சேர்கிறேன்" என்று அதே வாரம் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான். சுங்கை சிப்புட் போன்ற ஊரில், டோவன்பி, எல்பில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து பிடிபிடிஎன் எனும் உயர்கல்விக் கடனாகப் பல வருடம் கூடவே வரும். முடிவு வந்த முதல் வாரத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

முக்கியமான விஷயம் ஒன்று பல வீடுகளில் தெரிவதில்லை. புதிய முடிவு பழையதை அழிப்பதில்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் தனி முடிவுத்தாள் உண்டு. யூபியு (அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தில் எந்த அமர்வின் விவரத்தைக் கொடுக்கிறோமோ அதைத்தான் பார்ப்பார்கள். முதல் முறை பேண்ட் 3, இரண்டாம் முறை 2.5 என்றால், செல்லுபடிக்காலம் முடியாதவரை அந்த 3 உங்களுடையதுதான். ஆகவே பழைய தாளைத் தேடி எடுங்கள். நகல் இரண்டு போட்டு, ஒன்றைக் கைப்பேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

அடுத்து, பேண்டைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பாருங்கள். மூவெட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள். ஒவ்வொன்றும் 90, மொத்தம் 360. 82 முதல் 122 வரை பேண்ட் 2.5; 123 முதல் 163 வரை பேண்ட் 3; 164 முதல் 210 வரை 3.5, 211 முதல் 257 வரை பேண்ட் 4. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு வரி எழுதுங்கள். ஓர் உதாரணம்: முதல் முறை கேட்டல் 39, பேச்சு 42, வாசிப்பு 36, எழுத்து 40, மொத்தம் 157. இரண்டாம் முறை 30, 39, 21, 30, மொத்தம் 120. பேண்ட் 3-இலிருந்து 2.5-க்கு இறங்கிவிட்டது. ஆனால் பேண்ட் 3-ஐ எட்ட மூன்றே மதிப்பெண்தான் குறைவு. பேச்சு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. 37 மதிப்பெண் இழப்பில் 15 வாசிப்பில் மட்டும் போயிருக்கிறது.

இந்த 15-ஐக் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டும். வாசிப்பில் 40 கேள்விகள், 75 நிமிடம், ஏழு பகுதிகள். 90-ஐ 40-ஆல் வகுத்தால் கேள்விக்குச் சுமார் இரண்டேகால் மதிப்பெண். 15 மதிப்பெண் என்பது ஆறேழு கேள்வி. கடைசிப் பகுதியிலேயே ஏழு கேள்விகள் உண்டு. அப்படியானால் இவருக்கு ஆங்கிலம் திடீரென்று மறந்துவிடவில்லை. கடைசிப் பகுதியை மணியடிக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விடைக் கட்டங்களைக் கருமையாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பகுதிகள் போகப் போகக் கடினமாகும், பனுவல்களும் நீளும். முதல் மூன்று பகுதியில் உள்ள 14 கேள்விகளை 20 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். நான்காவது, ஐந்தாவதுக்கு 25 நிமிடம். கடைசி இரண்டுக்கும் 30 நிமிடம் கையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முழுத் தாள், கடிகாரம் வைத்து, மேசையில் உட்கார்ந்து. படுத்துக்கொண்டு நாலு கேள்வி, சாப்பிட்ட பிறகு நாலு கேள்வி என்று போட்டால் ஆங்கிலம் வளரலாம், வேகம் வராது.

கேட்டலில் 30 கேள்வி, 50 நிமிடம். இங்கே நம் பிள்ளைகள் செய்கிற தவறு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வது. தேர்வு மண்டபத்தில் ஒலிபெருக்கிதான். மேலே காற்றாடி சுற்றும், கூரையில் மழை கொட்டும். ஒலியை ஒலிபெருக்கியில் போட்டு, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கேள்வி தவறிப்போனால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் கோட்டைவிடுவதால்தான் இதில் மதிப்பெண் கொத்தாகப் போகிறது. தவறியதற்கு ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகர வேண்டும்.

எழுத்துத் தாளில் 75 நிமிடத்தில் இரண்டு வேலை. முதலாவது மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ பதில், குறைந்தது 100 சொல், 25 நிமிடம். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250 சொல், 50 நிமிடம். முதலாவதில் கொடுக்கப்பட்ட குறிப்புகள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பை விட்டுவிட்டு மற்றதை அழகாக எழுதியிருந்தாலும் மதிப்பெண் அடிபடும். எழுத எழுத ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் பென்சிலால் சரி போடுங்கள். கட்டுரைக்கு, உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். வரிக்கு ஒன்பது என்றால் 28 வரி. மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எண்ண வேண்டியதில்லை.

பேச்சுக்குத் தோட்டத்தில் கூட்டாளி கிடைப்பதில்லை என்பது நியாயமான குறைதான். நான்கு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடம் தமிழுக்கு வந்துவிடும். வகுப்பில் இருக்கும் மலாய், சீன நண்பர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தானாக நிற்கும். தனியாகப் பேசும் பகுதிக்கு, கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து அன்றிரவே கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி, மூவெட்டை நடத்தும் மலேசியத் தேர்வு மன்றத்தில் விண்ணப்பிக்க வழி உண்டு. கட்டணமும் கடைசித் தேதியும் உண்டு. நான்கு தாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் அந்தப் பணத்தை அடுத்த அமர்வுக்கே கட்டலாம் என்பது எங்கள் கருத்து. மூன்று தாள் நன்றாக இருந்து ஒன்று மட்டும் பாதாளத்தில் கிடந்தால் கேட்டுப் பார்க்கலாம். மூவெட் வருடத்துக்கு மூன்று அமர்வாக நடக்கிறது. பதிவு செய்யுமுன் உங்கள் துறைக்கு எந்த பேண்ட் தேவை என்று யூபியுவில் சிறப்புத் தகுதிப் பகுதியில் பாருங்கள். துறைக்குத் துறை மாறும். இருக்கிற பேண்டே போதும் என்றால் மறுபடி எழுதி மண்டை காய வேண்டியதில்லை.

எஸ்டிபிஎம் (படிவம் ஆறு மாணவர் எழுதும் தேர்வு) முதல் பருவத்தில் அடி வாங்கியவர்களுக்கும் கணக்கு இப்படித்தான். பிஎன்ஜிகே என்பது சிறந்த நான்கு பாடங்களின் தரப்புள்ளிகளின் சராசரி. பி 3.00, பி மைனஸ் 2.67, சி பிளஸ் 2.33, சி 2.00 என்றால் கூட்டி நான்கால் வகுக்க 2.50. அந்த ஒரு சி-யை பி ஆக்கினாலே 2.75. மூன்று பருவமும் சேர்ந்துதான் இறுதி முடிவு. பருவத் தாளை மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு, தேதியையும் கட்டணத்தையும் பள்ளியில் கேளுங்கள். மதிப்பெண் போய்விட்டதே என்று புறப்பாட நடவடிக்கையை நிறுத்துவது இன்னொரு தவறு. யூபியு மெரிட்டில் (சேர்க்கைக்கான மொத்தப் புள்ளி) கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. பிஎன்ஜிகே 0.25 ஏறினால் மெரிட்டில் 5.6 புள்ளிதான் கூடும். காற்பந்தையும் சாரணர் இயக்கத்தையும் விட்டுவிட்டு அந்த 10-ஐ இழப்பதில் லாபம் இல்லை.

வீட்டில் சொல்வது தனி வேலை. அதிகாலை பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம்) போய்க் களைத்து வந்த அப்பாவிடம் வாசலிலேயே சொல்லாதீர்கள், சாப்பிட்டு முடிக்கட்டும். இரண்டு தாளையும் காட்டி, "அப்பா, இந்தத் தடவ பேண்ட் இறங்கிருச்சு. மூனு மார்க்குல போச்சு. பழைய ரிசல்ட்ட வச்சே யூபியு போடலாம்பா" என்று எண்ணோடு சொன்னால் பேச்சு வேறு திசையில் போகும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மாமா மகள் வாங்கிய பேண்டை அன்று இழுக்க வேண்டாம்.

பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் பள்ளி ஆலோசனை ஆசிரியரைப் பாருங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, பிஃப்ரெண்டர்ஸ் (மன ஆறுதல் தரும் தொலைபேசிச் சேவை) 03-7627 2929 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.