கிளாம்பர்: ஏறுவதெல்லாம் கிளாம்பர் ஆகாது

அகராதியில் கிளாம்பர் (clamber) என்ற ஆங்கில வினைக்கு ‘ஏறு’ என்று பார்த்ததும், கிளைம்ப் வரும் இடத்திலெல்லாம் இதையும் போடலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பாதித் தவறுகள் இதனால்தான் வருகின்றன.

ரயிலில் அப்பர் பெர்த் கிடைத்த ஒரு பெரியவரைப் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை லோயர் பெர்த்தின் ஓரத்தில் ஊன்றி, அடுத்த காலுக்கு இடம் தேடி, முழங்காலைப் போட்டு, ஒருவழியாக உடம்பை மேலே இழுத்துக்கொள்கிறார். இதுதான் கிளாம்பர். கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சிரமமும் தடுமாற்றமும் தெரிய வேண்டும். மாடிப்படியில் சாதாரணமாக ஏறுகிறவருக்கு இது பொருந்தாது. 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறினார்கள் என்று எழுதவும் கிளைம்ப்தான் சரி.

அடிக்கடி கண்ணில் படும் இன்னொரு பிழை, ‘ஹி கிளாம்பர்ட் த வால்’ என்று மொட்டையாக எழுதுவது. கிளைம்ப் அப்படி நிற்கும். கிளாம்பருக்குப் பெரும்பாலும் திசை காட்டும் ஒரு சொல் துணைக்கு வேண்டும். சுவரைத் தாண்டினால் ஓவர், படகுக்குள் ஏறினால் இன்டு, பள்ளத்திலிருந்து வெளியே வந்தால் அவுட் ஆஃப். டவுன்கூட வரும். பாறைகளைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்குவதும் கிளாம்பர்தான். மேலே போவதற்கு மட்டுமே உரிய சொல் என்று பலர் நம்புவது ஏனோ தெரியவில்லை.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. கிளைம்ப், கிளைம்பர் என்று நாம் தமிழில் எழுதினாலும், ஆங்கிலத்தில் அவற்றின் ‘பி’ ஒலிக்காது; கிளைம், கிளைமர் என்றே சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ‘பி’யை விழுங்கினால் கிளாமர் (clamour) என்றாகி, கூச்சலிடுவதைக் குறிக்கும் வேறொரு சொல்லாகக் காதில் விழும். அதனால் ‘பி’யைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இதற்கு நெருக்கமான ஸ்கிராம்பிள் (scramble) என்ற சொல். அதிலும் கையும் காலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அவசரம் சேர்ந்திருக்கும். கிளாம்பர் நிதானமாகவும் நடக்கலாம்.

விலைவாசி, விமானம், சூரியன் மூன்றும் ஏறுவதற்கு கிளைம்ப் போதும். கொடிகளுக்கு மட்டும் தாராளமாக கிளாம்பர் போடலாம்: சுவரைப் பற்றிக்கொண்டு தாறுமாறாகப் படரும் ரோஜாக்கொடியை ஆங்கிலத் தோட்டக்கலை எழுத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள்.