முகாமில் ஒருவருக்கு மனு எழுத உட்காரும்போது

மதுரையைச் சுற்றி ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் பிறந்து வளர்ந்தேன். அப்பாவும் அம்மாவும் 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் என் கையில் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ‘நாட்டினம்’ என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் விழித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இப்போது பக்கத்து முகாம்களுக்கும் போய், குடியுரிமைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் யாராவது இந்த வேலையைக் கையில் எடுக்க நினைத்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வந்து உட்கார்ந்தவரிடம் முதலில் பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் கேளுங்கள். எப்போது வந்தார்கள் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இங்கே பிறந்த மூத்த பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கலாம். அவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்பேன்.

1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து விதி இன்னும் இறுகியது. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. படகில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களை அந்தப் பெயரில்தான் சட்டம் வைத்திருக்கிறது. முகாமுக்கு வெளியே கல்யாணம் கட்டிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா திருமங்கலத்துக்காரி, அப்பா படகில் வந்தவர். 2002-ல் பிறந்த அக்கா இந்தியர். 2006-ல் பிறந்த தம்பிக்குக் குடியுரிமை இல்லை. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன். அதனால் குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே மனு எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு கோப்பு போடுங்கள்.

பாட்டன், பூட்டன் எந்த ஊர் என்றும் கேளுங்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன மலையகக் குடும்பங்கள் நம் முகாம்களில் உண்டு. 1948-ல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அந்தக் காலத்துத் தோட்டத் துண்டு (தோட்ட நிர்வாகம் கொடுத்த சீட்டு), பழைய கடிதம், பூர்வீக ஊர்ப் பத்திரம் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். பூர்வீகம் இந்தியா என்றாலும், படகில் வந்ததால் சட்டம் கதவை மூடுகிறது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. வழக்காடித்தான் திறக்க வேண்டும். வழக்குக்கு அந்தத் தாள்கள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடி பிறப்புச் சான்றிதழ். முகாம் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இது இருக்காது. பிறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிள்ளை பெயர் ஏறிய முகாம் குடும்ப அட்டை ஆகியவற்றை இணையுங்கள். ஆதார் இருந்தால் அதையும் வையுங்கள், ஆனால் அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். குடும்ப அட்டையில் ‘கணபதிப்பிள்ளை’, பள்ளிச் சான்றிதழில் ‘கணபதி’, ஆதாரில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. நம் ஆட்கள் தகப்பன் பெயரை முழுதாக முன்னால் போடுவார்கள், இங்கே பள்ளியில் இனிஷியலாகச் சுருக்கிவிடுவார்கள். ஒரு தாளில் எல்லா வடிவத்தையும் வரிசையாக எழுதி, அந்தந்த ஆவணத்தின் தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார், என்ன வேண்டும், எந்தச் சட்டப்படி, அவ்வளவுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். “பார்த்துக்கலாம் போம்மா” என்று சொல்லி அனுப்பினால், அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 குடிமக்களுக்கு மட்டும்தான். நம் பெயரில் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லித் திருப்பிவிடலாம். இந்தியக் குடிமகனான ஆசிரியரோ வக்கீலோ தன் பெயரில் கேட்டுத் தரட்டும்.

நீதிமன்றம் போக நமக்கு உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள். அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகள் குடிமகன் என்று பார்ப்பதில்லை, எல்லா மனிதருக்கும் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

இனி, பயம். மனு போட்டால் முகாம் பதிவை வெட்டிவிடுவார்களோ, முகாம்களைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீஸ் வந்து நிற்குமோ என்று சனம் தயங்கும். அந்தப் பயம் வெறுமனே வந்ததில்லை. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போயிருந்தால் உதவித்தொகை போய்விடும் என்று அஞ்சியே வளர்ந்தோம். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்குக் கொடுத்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். அது குடியுரிமை இல்லை என்பதையும் கூடவே சொல்லுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மூலத் தாள்களை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். காசு வாங்காதீர்கள். ஒருவர் கதையை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் யாராக இருந்தாலும், அங்கே கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் பிறப்பால் கிடைத்த இந்தியக் குடியுரிமை போய்விடும்.