ஏறி மிதித்து இறுக்காதீர்கள்

பழனிக்குப் போகிற வழியில், மடத்துக்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், என் ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் இடது பின் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருடம் அளவுக்கருவிகளோடு மாரடித்த கையும் இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்கினேன். முதல் போல்ட்டே அசையவில்லை. கையால் அழுத்தினேன், காலால் மிதித்தேன், கடைசியில் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றேன். ம்ஹூம்.

டிராக்டரில் வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "தள்ளுங்க அம்மணி" என்று மூன்றடி இரும்புக் குழாயோடு இறங்கினார். ஸ்பேனரில் குழாயை மாட்டி ஒரே அழுத்து. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பஞ்சர் கடையில் ஏர் கன் பிடித்த தம்பி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "இனி எந்தக் காலத்துக்கும் கழலாதுங்க அக்கா." பொய் சொல்லவில்லை, பாவம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் எடை 54 கிலோ. காரோடு வந்த வீல் ஸ்பேனர் கால் மீட்டர் நீளம். 54-ஐ 9.81-ஆல் பெருக்கி, அதை 0.25-ஆல் பெருக்கினால் 132 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு). போலோவுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 120. சரியாக இறுக்கியிருந்தால் நான் ஏறி நின்றதுமே விட்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் துருப்பிடித்திருக்கவும் வழியில்லை. அதே ஸ்பேனரில் 85 கிலோ ஆள் ஏறி நின்று இறுக்கினால் 208 வரும். "ஏறி மிதிச்சு டைட் பண்ணிட்டேன்" என்று சொல்கிறவர்கள் போல்ட்டின் இறுக்கத்தைச் சொல்லவில்லை, தங்கள் எடையைச் சொல்கிறார்கள்.

120 நியூட்டன் மீட்டர் எப்படி இருக்கும் என்று கைக்குப் புரிய வேண்டுமானால், வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, படுக்கையாக நீட்டிய கம்பியில் அதைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான். பயப்படுகிற அளவு ஒன்றுமில்லை.

ஆனால் அந்த முறுக்கு போல்ட்டுக்குள் செய்கிற வேலை பெரியது. போல்ட் என்பது மிகக் கெட்டியான ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்ப்பதால் வீலை ஹப்போடு (வீல் போய் உட்காரும் அச்சின் முகப்பு) சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. 14 மி.மீ. போல்ட்டை 120-க்கு இறுக்கினால் ஒவ்வொன்றும் சுமார் நான்கு டன் அழுத்தம் தரும். வீல் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீலின் முதுகும் ஹப்பின் முகமும் அந்த அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் வண்டி ஓடுகிறது. இறுக்கம் குறைந்தால் அந்தக் கவ்வல் வழுக்கும், போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். இறுக்கம் மிஞ்சினால் ஸ்பிரிங் அளவுக்கு மேல் நீண்டு, பழையபடி சுருங்காது. மனிதர்களை மரை கழன்றவர் என்கிறோமே, அது வீலுக்கு இரண்டு வழியிலும் நடக்கும்.

உங்கள் காருக்கு என்ன அளவு என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். டொயோட்டா கொரோலாவுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பெயருள்ள காரிலேயே தலைமுறை மாறினால் எண்ணும் மாறலாம். பழைய கையேடுகளில் கிலோ மீட்டரில் போட்டிருப்பார்கள் (தூரம் இல்லை, கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கு). அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) அடி-பவுண்டு கோடும் பக்கத்திலேயே பொறித்திருக்கும். கண்ணாடி போடாமல் அதில் 120 வைத்துவிட்டால் 163 நியூட்டன் மீட்டர் போய்விடும். எங்கள் கம்பெனியின் அளவுக்கருவி அறையில் நான் அதிகமாகத் திட்டியது இந்த ஒரு தப்புக்குத்தான்.

இன்னொன்று. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் ஹப்பிலிருந்து ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நட் போடுவோம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் ஹப்பில் ஓட்டைதான், போல்ட்டை உள்ளே திருக வேண்டும். இறுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் போல்ட்டின் கழுத்தைப் பாருங்கள்: ஃபோக்ஸ்வாகனில் அது பந்துபோல உருண்டிருக்கும், பெரும்பாலான மற்ற கார்களில் கூம்பாக இருக்கும். உருண்டைக் குழியில் கூம்பு போல்ட்டைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், ஆனாலும் ஓடஓடத் தளரும். வெளியில் அலாய் வீல் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் என்றதும் பெரிய செலவு என்று நினைக்காதீர்கள். சாக்கெட் மாட்ட அரை இஞ்ச் சதுர முனை உள்ள, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ள 'டிக்' வகை ஒன்று போதும். கூடவே உங்கள் போல்ட்டுக்குப் பொருந்தும் சாக்கெட். போலோவுக்கு 17 மி.மீ.; சிட்டிக்கு 19. அறுமுகச் சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை உள்ளது மூலையைத் தின்றுவிடும்.

இனி வேலை. சமதளம், முதல் கியர், ஹேண்ட் பிரேக், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். வீல் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி. தளர்த்த வீல் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள், டார்க் ரெஞ்சை அல்ல. அளக்கிற கருவியைக் கடப்பாரை ஆக்கக் கூடாது. ஸ்டெப்னியைக் காரின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி தரைக்குப் போகாது. பஞ்சரான வீல் கழன்றதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளட்டும். (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லானெல்லி ஊரின் ஒரு தெருப் பெயர். 1904-இல் அங்கேதான் அந்த உதிரிச் சக்கரத்தைச் செய்தார்கள். நம்மூரில் வேறு வேறு அர்த்தங்களோடு நன்றாகவே வாழ்கிறது.)

வீல் கழன்றதும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துருச்செதில், சேறு, பெயின்ட் எதுவும் நடுவில் இருக்கக் கூடாது. இப்போது அழுத்தத்தில் சிக்கியிருக்கும் செதில் நாளைக்குப் பொடியாகும், அந்த மெல்லிய இடைவெளியில் இறுக்கமும் போய்விடும். மரையைத் துணியால் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். நாம் போடுகிற முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் கழுத்திலும் உராய்வாகவே கரைந்துபோகிறது. மீதி ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. கம்பெனி கொடுத்த எண் உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் பூசினால் உராய்வு குறையும், அதே 120-இல் போல்ட் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். எண்ணெய் போட்டால் நல்லது என்று அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கே இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது.

போல்ட் உள்ள கார்களில் வீலை மாட்டுவது ஒரு சர்க்கஸ். ஸ்டட் இருந்தால் தொங்கவிடலாம். இங்கே பிடித்துக்கொண்டு ஓட்டையைத் தேட வேண்டும். தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் டயருக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, மேலே இருக்கும் ஓட்டையில் முதல் போல்ட்டை விடுங்கள். எல்லாவற்றையும் விரலாலேயே நாலைந்து சுற்று திருகுங்கள். விரலுக்கு வரவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி போடுங்கள். ஸ்பேனர் வைத்து மல்லுக்கட்டினால் ஹப்பே பாழ்.

அடுத்தது வரிசை. ஐந்து போல்ட் என்றால் நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று. நான்கு என்றால் எதிரெதிர். வட்டமாகப் போனால் வீல் ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். வீல் தூக்கியிருக்கும்போதே ஸ்பேனரால் லேசாக இறுக்கி முழுக்க உட்கார வையுங்கள். ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டு, சுற்றாமல் நின்றதும், என் போலோவுக்கு ரெஞ்சில் 60 வைத்து ஒரு சுற்று நட்சத்திரம். பிறகு 120 வைத்து இன்னொரு சுற்று. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டாமல், நிதானமாக ஒரே இழுப்பு. 'டிக்' கேட்டதும் நிறுத்துங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது தடவை டிக் அடிப்பது நம் ஊர் வியாதி. ஒவ்வொரு தடவையும் போல்ட் கொஞ்சம் நகரலாம். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்துப் பெட்டியில் போடுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அழுத்தியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் அளவு மாறும்.

ரெஞ்ச் இல்லாமல் நடுவழியில் மாட்டிக்கொண்டால்? விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு எங்கள் வீட்டில் கிடந்தது, அது இப்போது காரிலேயே இருக்கிறது. ஸ்பேனரில் குழாய் மாட்டி, போல்ட்டின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அங்கே கயிறு கட்டித் தராசைக் கோர்த்து, குழாய்க்குச் செங்குத்தாக இழுங்கள். 30.6 கிலோ காட்டினால் 120 நியூட்டன் மீட்டர், 108-க்கு 27.5 கிலோ. ஆய்வக சுத்தம் கிடையாது. ஏறி மிதிப்பதைவிட எவ்வளவோ மேல்.

பஞ்சர் கடைக்காரர்களோடு நான் சண்டை போடுவதில்லை. "தம்பி, கழட்டறதுக்குக் கன் போடு, மாட்டறது கையால மட்டும் போடு, இறுக்கறது நான் பாத்துக்கறேன்" என்று முன்பே சொல்லிவிடுகிறேன். கன்னால் இறுக்கிவிட்டு அதன்மேல் டார்க் ரெஞ்ச் வைத்து டிக் கேட்பதில் அர்த்தமில்லை. 300-க்கு இறுகிய போல்ட்டும் 120-இல் டிக் என்றுதான் சொல்லும். அப்படி ஆகிவிட்டால் வீட்டில் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, திரும்ப இறுக்க வேண்டும். ஏற்றத்தாழ்வாக இறுகினால் உள்ளே இருக்கும் பிரேக் டிஸ்க்கும் கோணலாக உட்காரும். கொஞ்ச நாளில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, வீல் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியதும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். எனக்குப் பொள்ளாச்சி போய்த் திரும்பினால் அந்தக் கணக்கு சரியாக வந்துவிடும். நகராமலே டிக் என்றால் நல்லது. இம்மி நகர்ந்து டிக் என்றாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது தடவை பார்க்கும்போதும் அதே போல்ட் நகர்ந்தால் மேலும் இறுக்கிப் பார்க்காமல் வீலைக் கழற்றி, மரையையும் குழியையும் ஹப் முகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். காரணம் தெரிகிற வரை வண்டியை எடுக்க வேண்டாம்.